பிள்ளை குளிப்பாட்டிய ஆச்சியின் பேத்தி கேட்கிறார்: மசாஜ் தொழிலுக்குப் போகலாமா?

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டதால் அவற்றை எடுத்துவிட்டேன். வயது 33. பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவர். 12 வருஷமாகப் பீடி சுற்றுகிறார். கணவர் லோடு ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டவர். இப்போது ஒரு கடையில் உட்கார்ந்து பில் போடுகிறார். ஒரே மகள், ஆறாம் வகுப்பு.

இவருடைய ஆச்சி அந்த வட்டாரத்தில் பிரசவம் பார்த்தவர். பிள்ளை குளிப்பாட்டுவது, பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது, சுளுக்கு வழிப்பது எல்லாம் அவர் கைதான். சின்ன வயதில் ஆச்சியின் கூடவே போனதில் பேத்திக்கும் கை படிந்துவிட்டது. போன வருஷம் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குக் குளிப்பாட்டப் போனவரை, இப்போது மூன்று வீடுகளில் கூப்பிடுகிறார்கள். நாளைக்கு 200 ரூபாய் கொடுக்கிறார்கள். இதையே முழுத்தொழிலாக எடுக்கலாமா என்று யோசிக்கிறார்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. 40,000 ரூபாய் கட்டினால் 45 நாளில் சான்றிதழ் தருகிறோம், பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்கிறது ஒரு பயிற்சி மையம். ஒன்றரை லட்சம் கொடுத்தால் விசிட் விசாவில் துபாய் ஸ்பாவுக்கு அனுப்புகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். "மசாஜுன்னு சொன்னாலே எங்க கொழுந்தன் மூஞ்சி மாறுது" என்று எழுதியிருக்கிறார். அம்மா அழுதிருக்கிறார்: "இந்த வேலை வேண்டாம்னுதானட்டி உன்னைய படிக்க வச்சேன். திரும்பவும் அதே பொறவாசலுக்கா போவப் போற?" இவை போக, அடுத்த வீட்டு அத்தைக்கு விழுந்த கைகாலை எண்ணெய் போட்டு நீவி எழுப்பிவிட முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளைத் தாண்டி, உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரியில்தான் என் மனசு நின்றுவிட்டது. முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் 20 வருஷத்துக்கு மேலாகச் சித்த மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் ஆச்சியைப் போன்ற பெண்களின் கடைசிக் காலத்தில் சிலருக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர்கள் கையில் விழுந்தவை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது மரக்கால் நெல்லும் ஒரு பழைய சேலையும். பிரசவ அறைக்குள் அவர்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பிள்ளை பிறந்த பிறகு அதே வீட்டின் முன்வாசலில் அவர்கள் கால் வைக்க முடியாது. உங்கள் அம்மா பயப்படுவது எண்ணெய்க்கோ கைவேலைக்கோ இல்லை. அந்த வேலையைக் காட்டித் தன் தாயை எங்கே நிறுத்தினார்கள் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த அழுகை நியாயமானது. அதனால்தான் 'தாராளமாகப் போங்கள்' என்று ஒரே வார்த்தையில் சொல்லாமல், எப்படிப் போக வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன். கூலியையும் எல்லையையும் நீங்களே வகுத்துக்கொண்டு போனால் இது நல்ல தொழில். அவை இல்லாமல் போனால், உங்கள் அம்மா சொன்ன பொறவாசல்தான்.

இந்தக் கைக்கு எவ்வளவு தூரம் எட்டும்?

சித்த மருத்துவத்தில் புற மருந்துகள் 32. அதில் தொக்கணம், அதாவது மசாஜ், ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதையே ஒன்பது வகையாகப் பிரித்துப் படிக்கிறோம். உங்கள் ஆச்சி இந்தப் பேர்கள் எதையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் இதில் நாலைந்து வகையாவது அவர் கையில் இருந்திருக்கும்.

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பார்கள். வாணியன் என்றால் எண்ணெய் ஆட்டி விற்பவர். அதில் உண்மை உண்டு, அளவும் உண்டு. இறுகிப்போன தசை தளரும், வலி கொஞ்ச நாளைக்குக் குறையும், தூக்கம் வரும், மனப் பதற்றம் அடங்கும். இவ்வளவும் நிச்சயம். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட இடுப்புவலி வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்புவலிக்கு மாத்திரையில் ஆரம்பிக்காமல் வெந்நீர் ஒத்தடம், மசாஜ் போன்றவற்றில் ஆரம்பிக்கலாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். நாள்பட்ட வலிக்கு மசாஜ் மட்டும் போதாது. உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் நிற்கும்.

செய்ய முடியாததையும் சொல்ல வேண்டும். விலகிய டிஸ்க்கை விரலால் தள்ளி உள்ளே வைக்க முடியாது. உடம்பிலுள்ள நச்சையெல்லாம் பிழிந்து வெளியேற்றலாம் என்பது விளம்பரப் பேச்சு. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. சர்க்கரை குறையும், பக்கவாதம் குணமாகும் என்றெல்லாம் போர்டு எழுதி வைப்பது, மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். யாராவது அப்படி எழுதச் சொன்னாலும் எழுதாதீர்கள்.

அத்தை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பக்கவாதத்தில் விழுந்த கையின் தோள்மூட்டு தளர்ந்து தொங்கும். எழுப்பி உட்கார வைக்கிறேன் என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். எண்ணெய் தொட்டு மெல்ல நீவிவிடுங்கள், அவருக்கு இதமாக இருக்கும். நடக்க வைப்பது பயிற்சிதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தை பேரைப் பதிந்துவிடுங்கள். இனி யாருக்காவது திடீரென்று வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடக் கூடாது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடச் சொல்லுங்கள்.

ஆச்சியிடமிருந்து எடுத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும்

இப்போது உங்களுக்கு வருமானம் தருவது பிள்ளைக் குளியல். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை இரண்டு காலுக்கும் நடுவில் குப்புறப் போட்டு, தன் முழங்கைத் தோலில் தண்ணீரைச் சொட்டவிட்டுச் சூடு பார்ப்பார்களே, அந்தப் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் தொடுவதும் நல்லது. தேங்காயெண்ணெய் போதும். பிள்ளை அழுதால் ஆச்சி நிறுத்திவிடுவார் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்ததும் அந்தக் கிழவியின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

விட வேண்டியவையும் இருக்கின்றன. சளி எடுக்கிறேன் என்று மூக்கில் வாய்வைத்து ஊதக் கூடாது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கக் கூடாது. தலையை உருட்டிப் பிடித்து வடிவம் செய்ய வேண்டாம், அது தானாகவே சரியாகும். சாம்பிராணிப் புகைக்கும் பிள்ளையைக் காட்டாதீர்கள். பிறந்த பிள்ளையின் மார்பு லேசாக வீங்கியிருந்தால் பிதுக்கவே பிதுக்காதீர்கள். தாயின் ஹார்மோனால் வரும் வீக்கம் அது. சில வாரங்களில் வற்றிவிடும். பிதுக்கி, சீழ் கட்டி, கத்தி வைக்க வேண்டிய நிலையில் வந்த 18 நாள் பெண் குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். குளிப்பாட்டிய அம்மா கெட்டவர் இல்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. எடை குறைந்து பிறந்த பிள்ளை, மாசம் நிறையாமல் பிறந்த பிள்ளை என்றால் குழந்தை மருத்துவர் சரி சொன்ன பிறகே தொடுங்கள்.

பெற்றவளுக்குச் செய்யும்போது முதுகு, தோள், பாதம் என்று இதமாகப் போங்கள். வயிற்றைப் போட்டுப் பிசைவதை விட்டுவிடுங்கள். சிசேரியன் என்றால் புண் ஆறி, அறுவை செய்த மருத்துவர் சரி சொல்லும்வரை அந்தப் பக்கமே கை போக வேண்டாம். பால் கட்டி மார்பு கல்லாக இருந்தாலும் அழுத்தித் தேய்க்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கெண்டைக்கால். பிரசவத்துக்குப் பிறகு முதல் ஆறு வாரம், காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். பல வருஷத்துக்கு முன் எங்கள் சிகிச்சை அறைக்கு பிள்ளை பெற்று 12 நாளான ஒருத்தி வந்தாள். "கால் பிடிப்பு, நீவி விடுங்க" என்றாள். எங்கள் தெரபி அக்கா எண்ணெயைத் தொடும் முன் இரண்டு காலிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். இடது கால் மட்டும் சுட்டது. சேலையை ஒதுக்கினால், அந்தக் கெண்டை மற்றதைவிடப் பெரிசாக, பளபளவென்று இருந்தது. "டாக்டரம்மா, நான் தொட மாட்டேன்" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார். ஸ்கேனில் ரத்தக்கட்டி. அன்று நீவியிருந்தால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அந்த அக்கா படித்தது எட்டாம் வகுப்பு. தொடக் கூடாத இடத்தில் கையை எடுக்கத் தெரிந்ததால்தான் அவரை இன்றும் என் குருவாக நினைக்கிறேன்.

இதைப் போலவே காய்ச்சல், எலும்பு முறிவு, புண், புதிதாக வந்த வீக்கம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். சர்க்கரையால் மரத்த காலுக்குச் சூடான எண்ணெய் ஆகாது. கொப்பளித்தாலும் அவர்களுக்கு உறைக்காது. கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதை யாருக்கும் செய்யாதீர்கள், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. வர்மமும் அப்படித்தான். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று பேர் தெரிந்துகொண்டால் போதாது. ஆசானிடம் வருஷக்கணக்கில் நின்று படிக்கிற விஷயத்தை வீடியோ பார்த்துப் பழக வேண்டாம்.

45 நாள் சான்றிதழ்

அந்த மையம் சொன்ன 'டாக்டர்' பட்டம் சுத்தப் பொய். சித்த மருத்துவப் பட்டத்துக்குப் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருஷம். அதன்பின் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தால்தான் வைத்தியம் பார்க்கலாம். 45 நாளில் டாக்டராகும் ஒருவரைப் போலி மருத்துவர் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். அப்போது காசு வாங்கியவர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

முறையான படிப்பென்றால் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நர்சிங் தெரபி டிப்ளமோ இருக்கிறது, இரண்டரை வருஷம். ஆனால் பிளஸ் டூவில் அறிவியல் பாடம் கேட்பார்கள், நீங்கள் காமர்ஸ். உங்களுக்குத் தோதானது தேசியத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உள்ள ஸ்பா தெரபிஸ்ட், பஞ்சகர்மா டெக்னீஷியன் போன்ற குறுகிய காலப் பயிற்சி. எந்த இடமானாலும் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். சான்றிதழை யார் தருகிறார்கள்? உடற்கூறு சொல்லிக்கொடுப்பது யார்? மொத்தம் எத்தனை மணி நேரம் உயிருள்ள உடம்பில் கைப்பயிற்சி? மூன்றாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சொந்தமாகத் தைலம் காய்ச்சி விற்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மருந்துத் தைலம் விற்க உற்பத்தி உரிமம் வேண்டும். சாதாரண நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வைத்து வேலை செய்யுங்கள். உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் தேவையென்றால் மருத்துவர் எழுதித் தரட்டும், அவர்களே வாங்கி வைக்கட்டும்.

துபாய்

வேண்டாம். விசிட் விசாவில் போய் வேலை செய்வது அந்த நாட்டில் குற்றம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சொன்ன வேலையை விட்டு வேறு வேலை கொடுத்தால் புகார் சொல்லக்கூட உங்களுக்கு இடமிருக்காது. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிரக் கூடுதலாக வாங்கக் கூடாது என்பது விதி. அவர் ஒன்றரை லட்சம் கேட்பதிலேயே ஆள் யாரென்று தெரிகிறது. பிற்காலத்தில் வெளிநாடு போகத் தோன்றினால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் செங்கோட்டை தாண்டினாலே கேரளத்து ஆயுர்வேத மையங்கள் இருக்கின்றன. பெண்களுக்குப் பெண் தெரபிஸ்ட்தான் செய்வார்கள். ஆறு மாதம் அங்கே வேலை பார்த்தால் கை நன்றாகத் திருந்தும்.

கொழுந்தனுக்குச் சொல்ல

சீசன் நேரத்தில் குற்றாலம் போயிருப்பார். அருவிக்கரையில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்வதை அவரும் பார்த்திருப்பார், தானும் தேய்த்திருப்பார். அதில் யாருக்கும் வெட்கமில்லை. பெண் ஒருத்தி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதையே செய்வதில் மட்டும் வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று அமைதியாகக் கேளுங்கள். பத்திரிகையில் ஸ்பா ரெய்டு என்று வருவதைப் படித்து அவர் பயந்திருக்கலாம். சட்டம் தண்டிப்பது பாலியல் தொழிலை நடத்துகிறவர்களை. மசாஜ் செய்வது குற்றமில்லை. 2021 டிசம்பரில் ஸ்பாக்களுக்குள் கேமரா வைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு வந்தது. அடுத்த மாதமே மதுரைக் கிளையில் வேறொரு நீதிபதி, தப்பு நடக்குமோ என்ற சந்தேகத்தை வைத்து ஒருவரின் அந்தரங்கத்தில் நுழைய முடியாது என்றார். நம் மாவட்டம் மதுரைக் கிளைக்குள்தான் வருகிறது.

அவர் கவலையில் ஒரு பாதி நியாயம், அதற்கு வழி செய்யுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் இன்னொரு பெண் இல்லையென்றால் போக வேண்டாம். போகும் வீட்டு முகவரியும் நேரமும் கணவரிடம் இருக்கட்டும். எங்கே தொடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள், தொடாத இடத்தைத் துண்டால் மூடிவையுங்கள். ஒரு மையத்தில் வேலைக்குச் சேர்ந்து யாராவது தவறாக நடந்தால், 10 பேருக்குக் குறைவான இடமானாலும், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி மாவட்ட அளவிலுள்ள உள்ளூர் புகார்க் குழுவில் நீங்கள் புகார் கொடுக்கலாம்.

கூலியையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். 200 ரூபாயில் பஸ் செலவு போக, போய்வரும் நேரம் போக என்ன நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். 40 நாளைக்கு இவ்வளவு, பாதி முன்பணம், தாய்க்கும் சேர்த்து என்றால் இவ்வளவு என்று சொல்லுங்கள். கூலிக்குப் பதில் சேலை கொடுத்தால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கட்டைவிரல்

12 வருஷம் பீடி சுருட்டிய கை உங்களுடையது. கட்டைவிரல் அடிமூட்டு இப்போதே தேய ஆரம்பித்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தியே இந்தத் தொழிலைச் செய்தால் சீக்கிரம் கை விட்டுப்போகும். முன்கையால் செய்யப் பழகுங்கள். உள்ளங்கையால் செய்யும்போது முழங்கையை மடக்காமல் உடம்பின் கனத்தைச் சாய்த்தால் அழுத்தம் தானாக வரும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய முஷ்டி எங்கே தொடுகிறதோ, அதுதான் கட்டிலின் உயரம். பாயில் படுக்க வைத்துச் செய்ய நேர்ந்தால் முழங்காலுக்கடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். முழு உடம்பு மசாஜ் என்றால் நாளைக்கு நாலு பேருக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பீடித்தட்டை நாளைக்கே தூக்கிப்போட வேண்டாம். இரண்டையும் ஆறு மாதம் சேர்த்துப் பாருங்கள். பி.எஃப். பிடித்தம் இருந்தால், கணக்கில் எத்தனை வருஷம் ஏறியிருக்கிறது என்று கேட்டு வையுங்கள். 10 வருஷம் நிறைந்திருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. அவசரத்தில் முழுக்கக் கணக்கை முடித்துவிடாதீர்கள்.

கடைசியாக, கணவரின் இடுப்பை நீங்களே நீவிவிடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கால் மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் இழுபடுவது, சிறுநீர் அடக்க முடியாமலோ போக முடியாமலோ இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒன்றும் இல்லையென்றால் தாராளமாகச் செய்யுங்கள். முதுகுத்தண்டின் மேல் அழுத்தாமல் இரண்டு பக்கத்துத் தசையிலும் வெதுவெதுப்பான நல்லெண்ணெய், கீழிருந்து மேலே, பத்து நிமிஷம். முன்கையால் செய்யும் பழக்கத்தை அவரிடமே ஆரம்பியுங்கள். வலித்தால் வெளியாட்கள் கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், அவர் சொல்லிவிடுவார்.